பழைய வண்டியும் ஊசிப்போன பெட்ரோலும்

நம் ஊர்களிற் சில வீடுகளின் பின்கட்டுச் சாய்ப்பினுள்ளே, பழந்துணியாலோ கோணிப்பையாலோ போர்த்தப்பெற்ற மோட்டார் சைக்கிளொன்று சுவரோரம் நிற்கக் காணலாம். அதனை ஓட்டியவர் இன்று இல்லை. அன்றி, முழங்கால் வலியாற் கிக்கரை மிதிக்க இயலாதவராய்த் திண்ணையில் அமர்ந்திருப்பர். வீட்டார் அதனை விற்கவும் மனங்கொள்ளார், ஓட்டவும் முற்படார். ஆண்டிற்கு ஒருமுறை தூசு தட்டி, 'தாத்தாவின் வண்டி' என்று விருந்தினர்க்குக் காட்டி, மீண்டும் போர்த்தி விடுவர். வண்டியின் மேனிக்கு இத்துணை மதிப்புச் செய்வார், அதன் வயிற்றினுட் கிடக்கும் பெட்ரோலைப் பற்றி ஒருகாலும் எண்ணுவதில்லை. அவ்வெண்ணாமையால் விளையும் கேட்டையும், அதனைத் தடுக்கும் வழியையும், எம் வீட்டு வண்டியையே சான்றாக வைத்து ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வார்க்குக் கார்ப்புரேட்டரோடு என்ன உறவு என நகைப்பார் நகைக்க. இலக்கண நூலை விரித்துவைத்த மேசையின்மீதே அக்கார்ப்புரேட்டரை நான்கு நாள் கழற்றிப் போட்டிருந்தோம் என்பதை மட்டும் கூறி மேற்செல்கின்றோம்.

எம் தாத்தா 1972ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற 350 சி.சி. புல்லட் வண்டியொன்றை வைத்திருந்தார்கள். புல்லட் என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிற் பிறந்த வண்டி. 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸாருடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனி நிறுவப்பெற்று, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அவ்வண்டியைச் செய்யத் தொடங்கிற்று. தாய்நாட்டில் 1970ஆம் ஆண்டளவில் அத்தொழில் முற்றும் நின்றுபோக, திருவொற்றியூரில் மட்டும் அது நிற்காது நடந்தது. அங்குச் செய்யப்பெற்ற வண்டிகளின் டேங்கின்மேல் ஓடும் பொற்கோடு அச்சினாலோ ஒட்டுத்தாளினாலோ அமைந்ததன்று. தூரிகை பிடித்த கை ஒரே மூச்சில் இழுத்த கோடு அது. எம் தாத்தா அக்கோட்டின்மேல் விரல்வைத்துக் காட்டி, 'இதனை இழுத்தவனுடைய கை நடுங்கவில்லை, பார்த்தாயா?' என்று கூறுவது வழக்கம். இக்கோட்டை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் அதனிடமே வருவோம்.

2021ஆம் ஆண்டில் தாத்தா காலமானார்கள். எம் தந்தையார் வண்டியை விற்க மனமின்றிச் சாய்ப்பினுள் நிறுத்தத் துணிந்து, அனுபவம் மிக்க முதிய மெக்கானிக் ஒருவரைக் கேட்டனர். 'டேங்கு நிறையப் பெட்ரோல் ஊற்றி மூடிவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லையேல் துருவுக்கும் இடமில்லை' என்றார் அவர். தாத்தாவும் முற்காலத்தில் ஓராண்டு வெளியூரில் இருக்க நேர்ந்தபோது அவ்வாறே செய்து சென்றார்களாம். திரும்பி வந்து மூன்றாம் உதையில் வண்டி கிளம்பிற்றாம். ஆகவே எம் தந்தையாரும் அவ்வாறே செய்தனர். மூன்றாண்டு கழிந்து, 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் மூடியைத் திறந்தோம்.

உணவு கெடுதலைக் குறிக்க நம் மொழியில் எத்தனை சொற்கள்! பால் திரிகின்றது, மாவு புளிக்கின்றது, கறி நாறுகின்றது, சோறும் குழம்பும் ஊசிப்போகின்றன. பெட்ரோலுக்குப் பொருந்துவது ஊசிப்போதலே என்பது எம் துணிபு. ஊசிய குழம்பில் நூலிழுப்பது போலவே ஊசிய பெட்ரோலிலும் பசையொன்று தோன்றுகின்றது. அன்று டேங்கினுள்ளிருந்து எழுந்தது பெட்ரோலின் கூரிய மணமன்று. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தாற்போன்ற கனத்த நாற்றம். கண்ணாடிப் புட்டியிற் பிடித்துப் பார்த்தபோது அது கடுங்காப்பியின் நிறமாக இருந்தது. சற்றே நிற்க வைத்தபோது புட்டியின் அடியில் வேறொரு நீர்மம் தெளிவாகப் பிரிந்து நின்றது.

இதன் காரணத்தை அறிந்தாலன்றி மருந்து கூற இயலாது. பெட்ரோல் என்பது ஒரு பொருளன்று. நூற்றுக்கணக்கான எண்ணெய்ப்பொருள்களின் கலவை. அவற்றுட் சில ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும். சில 200 பாகையளவு வேண்டுவன. குளிர்ந்த எஞ்சினில் முதற் பொறிக்குப் பற்றிக்கொள்வன முன்னவையே. டேங்கு மூடியின் சிறு துளைவழி முதலில் விடைபெற்றுச் செல்வனவும் அவையே. எஞ்சி நிற்பது எரியும். ஆயின் எளிதிற் பற்றாது. நின்றதனுள்ளும் சில வகைப் பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகத் திரிகின்றன. வெப்பம் இதனை விரைவுபடுத்தும். செம்பும் பித்தளையும் இன்னும் விரைவுபடுத்தும். கார்ப்புரேட்டரின் ஜெட்டுகள் பித்தளையாற் செய்யப்பெற்றவை என்பதை நினைக்குங்கால், கேடு எங்குத் தொடங்கும் என்பது தானே விளங்கும். மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் சில கரண்டியளவே. அது சில வாரங்களில் வற்றி, வற்றிய இடத்தில் மஞ்சட் பிசினைப் பூசிவிடும். எஞ்சின் மெல்ல ஓடுதற்குரிய பைலட் ஜெட்டின் துளையோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அத்துளையை அடைக்க எத்துணைப் பிசின் வேண்டும்!

இவை எக்காலத்துப் பெட்ரோலுக்கும் உரியன. இக்காலத்துப் பெட்ரோலுக்கு வேறொரு குணமும் உண்டு. கரும்புக் கழிவுப்பாகு, அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றினின்று வடிக்கப்பெறும் எத்தனால் அதனுடன் கலக்கப்படுகின்றது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இக்கலப்பு 10 விழுக்காட்டை எட்டிற்று. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் சில இடங்களில் விற்பனைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் அவ்வளவை எட்டியதாக அரசினர் அறிவித்தனர். எத்தனால் தண்ணீரோடு நட்புடையது. காற்றின் ஈரத்தையும் மூடி வழிக் கசியும் மழைநீரையும் அது ஏற்றுத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். ஓர் எல்லைவரை இது நன்மையே. சிறு நீர்த்துளி எஞ்சின் வழியே எரிந்து போய்விடும். எல்லை கடந்தால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். 10 விழுக்காட்டுக் கலப்பிற்கு அவ்வெல்லை நூற்றில் ஏறத்தாழ அரைப்பங்குத் தண்ணீர். பதினான்கு லிட்டர்ப் பெட்ரோலுக்கு 70 மில்லிலிட்டர். அஃதாவது, ஒரு காப்பிக் குவளையின் பாதி. எம் வண்டியின் மூடியடி வளையம் வெடித்திருந்தது. சாய்ப்பின் ஓடும் ஓரிடத்தில் உடைந்திருந்தது. மூன்று ஐப்பசி மழை கழிந்திருந்தது. அரைக்குவளைக்கு மேலும் வேண்டுமோ?

அடியில் இறங்கிய அந்நீர்மம் இரும்புத் தகட்டைத் தின்னும். கார்ப்புரேட்டரின் துத்தநாகக் கலப்பு உடலை வெண்பொடியாக்கும். மேலே நிற்கும் பெட்ரோலோ எத்தனால் தந்த வலிமையை இழந்து, எஞ்சினிற் 'கிண்கிண்' என்று தட்டும் இயல்பினதாகும். மிகப் பழைய வண்டிகளில் வேறு தீமைகளும் உள. அவற்றின் மிதவைகளிற் சில தக்கையாற் செய்து அவலரக்கு பூசப்பெற்றவை. அரக்கோ எத்தனாலிற் கரைவது. அரக்கு நீங்கிய தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். கண்ணாடியிழையாற் செய்த டேங்குகள் சில இளகி ஊறுதலும் உண்டு.

இவற்றைக் கண்டு, 'எல்லாம் எத்தனாலால் வந்த வினை' என்று பழைய வண்டி வைத்திருப்போர் பலர் கொதிக்கின்றனர். யாம் அவர்களோடு முற்றும் உடன்படுகிலோம். எத்தனால் வருமுன்னரே பெட்ரோல் ஊசிற்று. பைலட் ஜெட் அடைபட்டது. வெளிநாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பொருளைக் குறைத்தல் ஒரு நாட்டிற்குத் தகாத நோக்கமுமன்று. பெட்ரோல் மாறிற்று; நம் வழக்கம் மாறவில்லை. பிழை அங்கேயே உளது என்பது எம் கருத்து. எம் தந்தையாருக்கு அறிவுரை கூறிய முதியவர் பொய் கூறினாரல்லர். அவர் கூறியது பழைய பெட்ரோலுக்கு மெய். தண்ணீரோடு சேராத அப்பெட்ரோலை டேங்கு நிறைய ஊற்றினாற் காற்றும் ஈரமும் புக வழியின்றி இரும்பு காக்கப்பட்டது. ஈரத்தைத் தானே இழுக்கும் பெட்ரோலை, மூடி சரியில்லாத டேங்கில், நம் கடற்காற்று நாட்டில், மூன்றாண்டு நிறைத்து வைத்தல் அப்பழைய மெய்யைப் பொய்யாக்குவதாகும்.

ஆகலின், இதுபற்றி வழங்கும் இருவேறு கொள்கைகளுள் யாம் சார்வது 'நிறைத்து வை' என்பதனையன்று, 'வெறுமையாக்கு' என்பதனையே. இரண்டு மாதத்திற்கு மேல் ஓடாதிருக்கப்போகும் பழைய வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருத்தலாகாது. நிறைத்து வைப்பாருக்கும் ஒரு நியாயம் உண்டு: வெறும் டேங்கின் உட்புறம் காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும் என்பர். உண்மையே. அதற்கு மருந்து பெட்ரோலன்று, எண்ணெய். டேங்கைக் கழற்றி முழுதும் வடித்து, உலரவிட்டு, எஞ்சின் எண்ணெய் ஒரு குவளை ஊற்றி, உட்புறமெங்கும் படியுமாறு குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இருபுறமும் புரட்டிப் புரட்டி வைத்து, மூடியை இறுகப் பூட்டினால் துரு அணுகாது. மீண்டும் ஓட்டும் நாளில் சிறிது பெட்ரோலால் அலசி எடுத்துவிடலாம். புல்லட் போன்ற வண்டிகளின் டேங்கு, குதிரைச் சேணம்போல் நடுக்குழாயின் இருபுறமும் தொங்குவது. பெட்ரோல் டேப்பைத் திறந்து வடித்துவிட்டோம் என்று மகிழ்வார், டேப் இல்லாத மறுபுறத்தில் அரை லிட்டர் கிடப்பதை அறியார். எம் டேங்கு அழிந்தது அப்பக்கத்திலேதான்.

கார்ப்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தை வடித்தலோ அதனினும் எளிது. டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் பெரும்பகுதி தீரும். அடியிலுள்ள திருகைக் கழற்றினால் எஞ்சியதும் வடியும். இது பத்து நிமிட வேலை. பதினைந்து நாள் வெளியூர் செல்வாரும் இதனைச் செய்தல் நன்று. பெட்ரோல் கெடாமற் காக்கும் மருந்துகளும் கடைகளிற் கிடைக்கின்றன. அவை பயனுடையனவே, ஆயினும் புதுப்பெட்ரோலிற் கலந்து, அது கார்ப்புரேட்டர்வரை இறங்குமாறு சிறிது நேரம் எஞ்சினை ஓட்டினாலே பயன்படும். ஊசியதை அவை மீட்டுத் தாரா. சில மாதத்திற்கு அவற்றை நம்பலாம், ஆண்டுக்கணக்கிற்கு நம்பலாகாது.

வேறு சிலர் வாரம் ஒருமுறை சாய்ப்பினுள்ளேயே வண்டியைக் கிளப்பி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, கடமை தீர்ந்ததென்று அணைத்து விடுகின்றனர். எம் தந்தையாரின் நண்பரொருவர் இதனைத் தவறாது செய்பவர்; அவ்வுறுமல் கேட்டுத் தெருவே மகிழும். ஆனால் எரியும் ஒவ்வொரு லிட்டர்ப் பெட்ரோலும் ஏறத்தாழ ஒரு லிட்டர்த் தண்ணீரை ஆவியாகப் பிறப்பிக்கின்றது. எஞ்சின் நன்கு சூடேறினால் அவ்வாவி வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்திலோ அது புகைக்குழலிலும் எஞ்சின் எண்ணெயிலும் நீராய்த் தங்கித் துருவை வளர்க்கும். ஓட்டுவதாயின் இருபது கிலோமீட்டர் தெருவில் ஓட்டுக. இன்றேல் வடித்துவிட்டு வாளாவிடுக. நடுவழி இங்கு நலமின்று.

வடிக்கும்போது நேரும் இடர்களையும் கூறாது விடுதல் தகாது. ரப்பர்க் குழாயின் ஒரு முனையை டேங்கிலிட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் உளது. பெட்ரோலில் பென்சீன் என்னும் நஞ்சு சிறிதளவு கலந்தே உளது. மேலும், உறிஞ்சிய வாய் பெட்ரோலை விழுங்குவதைவிட, அது நுரையீரலுட் புகுதல் பெருங்கேடு, உயிர்க்கும் இறுதியாகும். வடித்ததைச் சாக்கடையிற் கொட்டுவார் கிணற்று நீரைக் கெடுப்பவராவர். இரண்டொரு மாதமே நின்ற பெட்ரோலாயின், நிறமும் மணமும் மாறாதிருப்பின், புதியதோடு சிறிது சிறிதாகச் சேர்த்து வேறு வண்டியிற் செலவிடலாம். கடுங்காப்பி நிறங்கொண்டதைச் செலவிட இயலாது. எம் வீட்டில் அது தகரக்கேன் இரண்டில், அதனை ஏற்பார் ஒருவரைக் கண்டுபிடிக்கும்வரை, ஐந்து மாதம் கிடந்தது.

எம் வண்டியின் கதைக்கு மீள்வோம். அன்று அறியாமையால் யாம் ஒரு பிழை செய்தோம். பழையதை வடித்துவிட்டு, கார்ப்புரேட்டரைத் திறந்து பாராமலே, ஆவல் மிகுதியாற் புதுப்பெட்ரோல் இரண்டு லிட்டர் ஊற்றி டேப்பைத் திறந்தோம். மிதவை பிசினில் ஒட்டிக்கிடந்தமையால் ஊசி வாயை அடைக்கவில்லை. பெட்ரோல் பெருகி எஞ்சின்மேல் வழிந்து தரையில் ஓடிற்று. சாய்ப்பிற்குப் பத்தடி தூரத்தில் எம் பாட்டி வெந்நீர் அடுப்பு மூட்டியிருந்தார்கள். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து நெடுந்தூரம் சென்று நெருப்பைத் தேடும். டேப்பை மூடுவதற்குள் எம் கை நடுங்கிய நடுக்கம் இன்றும் நினைவிலுளது. பாட்டி ஒன்றும் அறியாமல், 'வண்டி கிளம்பிற்றா, ஐயா?' என்று கேட்டார்கள்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவுவிடுதியிற் பணிசெய்து பொருள் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதனை வாங்கினார் என்றும், வாங்கியவுடன் அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார் என்றும் கூறுவர். அக்கதையைப் பள்ளியிற் கேட்டபோது, அருமையாய்ப் பெற்ற பொருளைக் கழற்ற அவர்க்கு எங்ஙனம் மனம் வந்தது என்று யாம் வியந்ததுண்டு. இன்று அவ்வியப்பு நீங்கிவிட்டது. எம் வீட்டில் மூன்றாண்டு ஒருவரும் அவ்வண்டியின் ஒரு திருகையேனும் தொடவில்லை. தாத்தா வைத்தபடியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் கருதினோம். தொடாமையையே அன்பென்று கொண்டோம்.

டேங்கின் உட்துருவை எலுமிச்சை உப்புக் கரைசலால் ஊறவைத்து நீக்கினோம். துரு நீங்கியது. துருவே அடைத்துக்கொண்டிருந்த நுண்துளைகள் ஏழும் திறந்துகொண்டன. பற்றவைப்பார் ஒருவரிடம் கொண்டுசென்றோம். பெட்ரோல் இருந்த கலத்தை நெருப்பின்முன் வைத்தல் வெடிகுண்டைச் சுடுவது போலாம் என்று அவர் முதலில் மறுத்தார். பன்முறை கழுவி, நீர் நிறைத்துத் தந்தால் மட்டுமே செய்வேன் என்றார். செய்தற்கு இசைந்த பின்னர், 'சூடு படுமிடத்தில் பெயிண்டு நில்லாது. இந்தப் பொற்கோடு போய்விடும். சம்மதமா?' என்று வினவினார். எம் தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்தனர். பின்னர் டேங்கைத் துணியிற் சுற்றி வீட்டிற்கே எடுத்து வந்துவிட்டனர்.

வண்டியில் இப்போது வேறொரு டேங்கு பூட்டப்பெற்றிருக்கின்றது. அதன் கோடும் பொன்னிறமே, ஆயின் ஒட்டுக்காகிதம். பழையது முன்னறை அலமாரியின்மேல், தாத்தாவின் கண்ணாடிக்கும் கைத்தடிக்கும் அருகே இருக்கின்றது. இவ்வாண்டுத் தேர்விற்காக விடுதிக்குத் திரும்புமுன் யாம் டேப்பை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை காத்திருந்து, கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றினோம். டேங்கைக் கழற்றி டேப் இல்லாத புறத்தையும் சாய்த்து வடித்தோம். இரண்டரை லிட்டர் தேறிற்று. வடித்த பெட்ரோலைத் தந்தையார் தம் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொண்டனர். பாட்டி அன்று வெந்நீர் அடுப்பை மாலைவரை மூட்டவில்லை.